உஷார்! ஒரு கொடி தெரிந்தால் இன்னொரு கொடியைத் தேடுங்கள்

கோவளத்தைத் தாண்டித் தெற்கே பாய்மரப் படகில் போகத் திட்டமா? கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

கடலில் ஓர் இடத்தில் மூங்கில் கழி ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். உச்சியில் கிழிந்த கறுப்புத் துணி. காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்போது அது தெரியவே தெரியாது. அதற்குப் பத்து மீட்டர் பக்கத்தில் உங்கள் படகு ஐந்து நாட் வேகத்தில் சுகமாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று வேகம் செத்துவிடும். பாய் நிறையக் காற்று இருக்கும், படகு மட்டும் நகராது. என்னவோ ஏதோ என்று கை தானாக இன்ஜின் சாவிக்குப் போகும்.

வினை அந்தச் சாவியில்தான் இருக்கிறது. அதுவரை சுக்கானில் மட்டும் மாட்டியிருந்த கயிறு, இன்ஜின் ஓடிய சில நொடிகளில் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற இறுகும். இறுகினால் உரசும், உரசினால் சூடேறும். பிளாஸ்டிக் கயிறு அந்தச் சூட்டில் உருகி, ஷாஃப்டைச் சுற்றிக் கறுத்த கட்டியாக உறைந்துவிடும். அப்புறம் கத்தியால் அறுக்க முடியாது, ரம்பம்தான் வேண்டும். இன்ஜின் பலம் பெரிதாக இருந்தால் இன்னும் மோசம். கயிற்றின் இழுப்பு ஷாஃப்டையே பின்னால் பிடுங்கப் பார்க்கும். ஷாஃப்ட் படகுக்குள் நுழையும் இடத்தில் உள்ள சீல் பழுதானால் தண்ணீர் உள்ளே வர ஆரம்பிக்கும்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். இன்ஜின் இல்லை. சுக்கான் திரும்பாது. படகு தன் பின்பக்கத்தால் கடலடியோடு கட்டிப் போடப்பட்டிருக்கிறது. அலையைக் கிழிக்கக் கட்டிய கூர்மூக்கு எதிர்ப்பக்கம் சும்மா இருக்க, தட்டையான பின்பக்கம் அலைக்கு முகம் கொடுத்து நிற்கிறது. ஒவ்வோர் அலையும் ஏறி, ஆட்கள் உட்காரும் பள்ளத்தில் கொட்டும். இத்தனையும் நடப்பது சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஒரு கயிற்றால்.

சென்னையில் பாய்மரம் ஓட்டக் கற்றுக்கொள்ள இடம் இருக்கிறது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இலிருந்து இருக்கிறது. துறைமுகச் சுவருக்குள் காற்றைப் பிடிப்பது, முடிச்சுப் போடுவது, திசை மாற்றுவது எல்லாம் நன்றாகவே சொல்லித்தருவார்கள். சுவருக்குள் இருக்கும்வரை வலை ஒரு பிரச்சினையே இல்லை. கொஞ்சம் கைதேர்ந்ததும் பெரிய படகு, வெளிக்கடல், புதுச்சேரிவரை ஓர் ஓட்டம் என்று ஆசை வருகிறது. வரைபடச் செயலியைத் திறந்தால் ஆழம் இருக்கிறது, பாறை இருக்கிறது, கலங்கரை விளக்கம் இருக்கிறது. வலை இருக்காது. காலையில் போட்டு மதியம் எடுக்கிற பொருளை எந்த வரைபடத்தில் போடுவது? அதைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். படிக்கத் தெரிய வேண்டுமென்றால் வலை கடலுக்குள் எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் கிழக்குக் கரையில் நாட்டுப்படகுக்காரர்கள் அதிகம் விடுவது செவுள் வலை. மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும் வலை. இதில் தரையில் உட்காருவது ஒரு ரகம், மேலே மிதந்து நீரோட்டத்தோடு போவது இன்னொரு ரகம். உங்கள் படகுக்கு இரண்டும் இரண்டு விதமான ஆபத்து.

நண்டு வலை மாதிரித் தரையில் கிடப்பது கடலடியில் ஓர் ஆள் உயரம்கூட எழும்பாது. இரு முனையிலும் கல்லோ நங்கூரமோ போட்டு, அங்கிருந்து மேலே ஒரு கயிறு விட்டு, அதன் நுனியில் கொடி கட்டியிருப்பார்கள். பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் இரண்டு கொடிக்கும் நடுவே நீங்கள் போனால் வலை உங்கள் அடியில் எங்கோ கிடக்கும், ஒன்றும் ஆகாது. ஆபத்து கொடிக்குப் பக்கத்தில்தான். கயிறு எப்போதும் ஆழத்தைவிட நீளமாகத்தான் விடப்பட்டிருக்கும். மீதிக் கயிறு தண்ணீரைவிட இலேசானது, மூழ்காது. கொடியிலிருந்து பல மீட்டர் தூரத்துக்கு மேல்பரப்பை ஒட்டி வளைந்து நெளிந்து கிடக்கும். கொடிதான் தூரத்தில் இருக்கிறதே என்று நீங்கள் நிம்மதியாகப் போகிற இடத்தில் கயிறு இருக்கும்.

மிதக்கிற வலையில் கதை தலைகீழ். கொடிக்குப் பக்கம் மட்டுமல்ல, இரண்டு கொடிக்கும் நடுவே உள்ள மொத்தத் தூரமும் பொறி. மேல்கயிறு நீர்மட்டத்திலேயே இருக்கும், அல்லது ஒன்றிரண்டு மீட்டர் கீழே இருக்கும். துண்டு துண்டாக வலையைச் சேர்த்துக் கட்டி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் விடுவது சாதாரணம். ஒரு கொடியைப் பார்த்தீர்கள் என்றால் அதன் ஜோடி உங்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தரைவலையா, மிதவைவலையா என்று தூரத்திலிருந்து எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். ஒரு கொடி தெரிந்தால் பாயைத் தளர்த்தி வேகத்தைக் குறைத்து, இருகண்நோக்கியை எடுத்து இன்னொரு கொடியைத் தேடுங்கள். தேடும்போது கொடியை மட்டும் பார்க்காதீர்கள். நீர்மட்டத்தில் கோலி அளவிலோ முட்டை அளவிலோ சின்ன மிதவைகள் ஒரே வரிசையில் ஏறி இறங்குகிறதா பாருங்கள். ஆலாக்கள் சில நேரம் அந்த மிதவைகளின் மேலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும். நடுக்கடலில் பறவைகள் தண்ணீர் மேல் கோடு போட்டது போல உட்கார்ந்திருந்தால் அங்கே வலை கிடக்கிறது.

கொடி என்று சொல்வதற்கும் ஒரு கணக்கு வேண்டும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துச் சிங்கி இறால்காரர்கள் ஆளுக்கு 800 கூண்டுவரை வைக்கலாம். ஆனால் ஒவ்வொருவரின் மிதவைக்கும் தனி நிறம், அந்த நிறத்தைப் படகிலும் காட்ட வேண்டும் என்பது சட்டம். அங்கேயே பாய்மரக்காரர்கள் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். நம் பக்கம் கையில் கிடைத்ததுதான் மிதவை. நல்ல கொடி என்றால் மூங்கில் கழி, நடுவில் சிமென்ட் சாக்கு சுற்றிய தெர்மகோல், அடியில் செங்கல்லோ இரும்புத் துண்டோ பாரம். அது இல்லையென்றால் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். அதுவும் இல்லையென்றால் மூடி இறுக்கிய தண்ணீர் பாட்டில்கள் நாலு. கடலில் மிதக்கும் பாட்டிலைக் குப்பை என்று நினைத்து நேராக ஏறிப் போகாதீர்கள். குப்பை அலையோடு போகும். கயிற்றில் கட்டிய பாட்டில் அலையை எதிர்த்து நிற்கும், நீரோட்டம் வேகமாக இருந்தால் முக்கால்வாசி முங்கி, பின்னால் சின்னதாய் ஒரு சுழிப்பை விட்டுக்கொண்டிருக்கும்.

அந்தச் சுழிப்பு ரொம்ப உபயோகம். அது எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம்தான் நீரோட்டம் போகிறது. கடலடியிலிருந்து வரும் கயிறு அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. எனவே தனி மிதவையைக் கடக்கும்போது நீரோட்டம் போகிற பக்கமாக, அதாவது சுழிப்பு நீள்கிற பக்கமாக, நன்றாக விலகிக் கடந்து போங்கள். தவறிப்போய் நெருங்கினாலும் ஓட்டம் உங்களை மிதவையிலிருந்து தள்ளிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் போனால் ஓட்டமே உங்களைக் கயிற்றின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒரே கயிற்றில் பெரிய மிதவை ஒன்று, சின்ன மிதவை ஒன்று என்று சோடியாக இருந்தால் நடுவில் நுழையவே கூடாது. நம் கரையில் நீரோட்டம் ஆண்டில் இருமுறை திரும்புகிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி ஓடும், மாசி பங்குனியில் வடக்கு நோக்கி ஓடும். போன முறை இந்தப் பக்கம்தான் கடந்தோம் என்ற ஞாபகத்தை நம்பாமல், அன்றைக்குச் சுழிப்பைப் பாருங்கள்.

மிதவைவலைக்குப் பக்கத்தில் வலைக்காரரின் படகு நின்றால் வேலை சுலபம். வலையின் ஒரு முனை பெரும்பாலும் படகில் கட்டியிருக்கும். வலை தண்ணீருக்குள் இருப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது, படகைத்தான் தள்ளும். ஆகவே படகு காற்றின் போக்கில் பின்வாங்கி, வலையை இழுத்துப் பிடித்தபடி கிடக்கும். படகின் மூக்கு எந்தத் திசையில் இழுபட்டு நிற்கிறதோ அந்தத் திசையில் வலை. நீங்கள் படகின் பின்புறமாகப் போங்கள். பக்கவாட்டில் கட்டுகிறவர்களும் உண்டு, அதனால் இதை அனுமானமாக வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கேட்பதற்குக் கூச்சம் எதற்கு? நூறு மீட்டர் தள்ளி நின்று கையைத் தூக்கி, “அண்ணே, வலை எந்தப் பக்கம் கிடக்கு?” என்று கத்துங்கள். “தெக்கால ஓடுது சார், கெழக்க சுத்திக்கினு போங்க” என்று பதில் வரும், கூடவே முழுக் கையையும் நீட்டி ஒரு வளைவு காட்டுவார். அந்த வளைவைவிட இன்னும் கொஞ்சம் அகலமாகவே சுற்றுங்கள். அவர் கத்திக்கொண்டே இரண்டு கையையும் ஆட்டினால் உங்களுக்கு டாட்டா காட்டவில்லை. வலை மேல் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பதிலுக்குச் சிரித்துக் கை ஆட்டிவிட்டு நேரே போய் மாட்டுகிற கூட்டம் இன்னும் இருக்கிறது, என்ன சொல்ல.

விசைப்படகு வேறு விவகாரம். இழுவலை அதன் பின்னால் இரண்டு இரும்பு வடத்தில் போகிறது. வடத்தின் நீளம் ஆழத்தைப் போல மூன்று மடங்கு, ஐந்து மடங்குகூட விடுவார்கள். ஐம்பது மீட்டர் ஆழத்தில் இழுத்தால் 150 முதல் 250 மீட்டர் வடம், அதற்கும் பின்னால் வலை. இரண்டு மூன்று நாட் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் படகு, மீன் கூட்டம் கண்டால் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பும். அதன் முதுகுக்குப் பின்னால் குறுக்கே வெட்டிப் போகிற ஆசையை விட்டுவிடுங்கள். இரண்டு விசைப்படகுகள் ஒரே வேகத்தில் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் நடுவில் நுழையக் கூடாது. இப்படி இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டதுதான். தடை இருப்பதால் வலை இல்லை என்று நினைத்துப் பாயை ஏற்றாதீர்கள். மீன் கூட்டத்தை வட்டமாக வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடிக்கும் 2000இலிருந்து இங்கே தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல்மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் மட்டும் நிபந்தனையோடு இடைக்கால அனுமதி கொடுத்தது. படகு ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தால் அந்த வட்டத்துக்குள் உங்களுக்கு வேலை இல்லை.

கரைவலைக்கு ஒரே மருந்து கரையை ஒட்டிப் போகாமல் இருப்பது. மணலில் இரண்டு வரிசையில் ஆட்கள் கயிறு இழுக்கிறார்கள் என்றால் கடலுக்குள் அரைவட்டமாக வலை இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதெல்லாம் பகல் சமாசாரம். இரவில்?

சர்வதேசக் கடல் விதிகள் 1972இல் ஒப்பந்தமாகி 1977இல் நடைமுறைக்கு வந்தன. இழுவலைப் படகு மேலே பச்சை, கீழே வெள்ளை விளக்கு போட வேண்டும். மற்ற வலை, தூண்டில் என்றால் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வலை 150 மீட்டருக்கு மேல் பரந்திருந்தால் அது இருக்கிற பக்கத்தில் கூடுதலாக ஒரு வெள்ளை விளக்கு. பகலில் இரண்டு கூம்புகளை நுனி சேர்த்து உடுக்கை மாதிரி தொங்கவிட வேண்டும். பெரிய விசைப்படகில் இதில் பாதியாவது இருக்கும். இருபத்தைந்தடி ஃபைபர் படகில் நீங்கள் பார்க்கப்போவது ஒரு டார்ச். அதுவும் உங்களைக் கண்ட பிறகுதான் எரியும். டார்ச் வெளிச்சம் உங்கள் பாயின் மேல் பட்டு அணைந்து அணைந்து எரிந்தால் உடனே திசையை மாற்றுங்கள். வலை முனையில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக மினுக்கும் குட்டி விளக்குகளைக் கட்டுகிறார்கள். அதைத் தூரத்துக் கப்பலின் பக்கவிளக்கு என்று நினைத்து, இன்னும் அரை மணி இருக்கிறது என்று டீ போடப் போய்விடாதீர்கள். அது ஐம்பது மீட்டரில் இருக்கும்.

கருவி பார்த்துக்கொள்ளும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரேடார் தெர்மகோலைப் பார்க்காது. மூங்கிலைப் பார்க்காது. ஃபைபர் படகையே அலைக்கு நடுவில் சரியாகப் பார்க்காது. படகின் இருப்பிடத்தை மற்றப் படகுகளுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி நம் நாட்டுப்படகுகளில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. உலகைத் தனியாளாகச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தில் ஜெர்மன்காரர் போரிஸ் ஹெர்மன், 2021 ஜனவரி 27 இரவு, முடிவுக்கோட்டுக்குச் சுமார் 90 கடல்மைல் இருக்கும்போது ஒரு மீன்பிடிப் படகில் மோதினார். எண்பது நாள் கடலில் கழித்தவர், ரேடாரும் ஏ.ஐ.எஸ்ஸும் எச்சரிக்கை மணியும் வைத்திருந்தவர். எதுவும் அவரை எழுப்பவில்லை. முதல் மூன்று இடத்துக்குள் வரும் வாய்ப்போடு ஓடிக்கொண்டிருந்தவர் ஐந்தாவதாகக் கரை சேர்ந்தார். அவ்வளவு கருவி நம்மில் யாரிடம் இருக்கிறது?

மலாக்கா நீரிணையில் லங்காவியிலிருந்து தெற்கே இறங்கும் பாய்மரக்காரர்கள் பலர் இரவில் நங்கூரம் போட்டுத் தூங்கிவிட்டுப் பகலில்தான் ஓட்டுகிறார்கள். வலையும் மிதக்கும் மரக்கட்டையும்தான் காரணம். நம் கரையில் அப்படி ஒதுங்கிக்கொள்ள இயற்கைத் துறைமுகம் கிடையாது. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சுமார் 75 கடல்மைல் திறந்த மணற்கரை. சராசரி ஐந்து நாட் என்றாலும் பதினைந்து மணி நேரம், ஏதாவது ஒரு முனை இருட்டில்தான் வரும். அப்படியானால் இருட்டுப் பகுதியைக் கரையிலிருந்து தள்ளி, ஆழத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகப் போகத் தரைவலைக் கொடிகள் குறையும். மிதவைவலையும் தூண்டில் கயிறும் குறையாது, அதையும் ஞாபகம் வையுங்கள். கரையை நெருங்குவதும் கரையை விட்டு விலகுவதும் வெளிச்சத்தில் நடக்கட்டும். விடியலுக்கு முந்தைய நேரம் எல்லாக் குப்பத்திலிருந்தும் படகுகள் இறங்குகிற நேரம். நிலவில்லாத நாட்களில் செவுள் வலை அதிகம் கிடக்கும். நிலா வெளிச்சத்தில் மீன் வலையைப் பார்த்துவிடும் என்பது அவர்கள் கணக்கு, நமக்கோ அன்றைக்குத்தான் கண் தெரியாது.

இன்னொரு தப்புக் கணக்கு, தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை, கடல் காலியாக இருக்கும், ஜாலியாகப் போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகுகள் வழக்கம்போல் வலை விடும். போட்டிக்கு விசைப்படகு இல்லாததால் நிம்மதியாக விடும். ஜூன் 14 நள்ளிரவுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். இரண்டு மாதம் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் காசிமேட்டிலிருந்து மொத்தமாகக் கிளம்பும். அந்த வாரம் உங்கள் படகு துறைமுகத்திலேயே இருக்கட்டும்.

பாய் ஏறியிருந்தால் எல்லோரும் எனக்கு வழிவிட வேண்டும் என்று பயிற்சி முடித்த சூட்டில் சிலர் பேசுவார்கள். தவறு. விதி 18 தெளிவாகச் சொல்கிறது: மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்மரப் படகு வழிவிட வேண்டும். வலையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் படகு சாதாரண இயந்திரப் படகுதான், அப்போது அது உங்களுக்கு வழிவிட வேண்டும். ஆனால் ராத்திரி முழுக்கக் கண்விழித்தவரிடம் போய்ச் சட்டம் பேசிப் பார்க்கிற இடமல்ல கடல்.

படகைப் பற்றியும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பழைய பாணி நீளக் கீல், அதன் பின்னாலேயே ஒட்டிய சுக்கான் என்றால் கயிறு வழுக்கிப் பின்னால் போய்விட வாய்ப்பு உண்டு. இன்றைய படகுகளில் கீல் தனி, சுக்கான் தனியாகத் தொங்கும். சுக்கானுக்கும் படகின் அடிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி ஒன்று இருக்கும். கயிறு போய் இறுகுவது அங்கேதான். படகைக் கரையேற்றும்போது அந்த இடைவெளிக்கு முன்னால் ஒரு சின்னத் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள், செலவு பெரிதில்லை. ஷாஃப்டில் பொருத்தும் கயிறுவெட்டி நல்ல சாமான். மெல்லிய கயிற்றை வெட்டும். கனத்த வடத்தையும் இரும்புக் கம்பியையும் வெட்டாது. பாயில் ஓடும்போது புரொப்பெல்லர் சும்மா சுழன்றுகொண்டிருந்தால், இன்ஜின் ஓடாமலே கயிறு சுற்றும். உங்கள் கியர்பாக்ஸின் கையேட்டைப் பார்த்து ஷாஃப்டை நிறுத்தி வையுங்கள். வலை நிறைந்த இடத்தில் பாயும் இன்ஜினும் சேர்த்து ஓட்டுவதை முடிந்தவரை தவிருங்கள். முன்பக்கம் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். சுக்கானைப் பிடித்திருப்பவருக்கு முன்பாய் பாதிக் கடலை மறைத்துவிடும், கொடி எப்போதும் அந்தப் பாதியில்தான் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் மாட்டினால்?

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் உடனே நியூட்ரல், அடுத்து நிறுத்தம். ஓடவில்லையென்றால் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். பின்னால் போட்டு ஓட்டினால் சுற்றியது அவிழும் என்று ஒரு யோசனை கூட்டத்தில் யாராவது சொல்வார். சில நேரம் அவிழும்தான். பல நேரம் இன்னொரு பக்கமும் சுற்றி இறுகும். பாய்க்கயிறுகளை விட்டுப் பாயை இறக்குங்கள், இழுப்பு குறையும். படகின் அடிப்பலகையைத் தூக்கித் தண்ணீர் ஏறுகிறதா பாருங்கள். இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பலர் கடைசியில் பார்க்கிறார்கள். வாசலைச் சாத்துங்கள், எல்லோரும் உயிர்காப்பு மேலாடை போடுங்கள்.

அப்புறம் பின்பக்கம் குனிந்து நிதானமாகப் பாருங்கள். கைபேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கொக்கிக் கழியில் கட்டி உள்ளே விட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று படமே கிடைக்கும். கயிறு சுக்கானில் மட்டும் மாட்டியிருந்தால் கொக்கிக் கழியால் கீழே அமுக்கிச் சுக்கானின் அடி வழியாக விடுவிக்கலாம். பாயில்லாமல் படகு பின்னால் நகரும்போது கயிறு தானாகத் தளரும், அந்த நேரத்துக்காகக் காத்திருங்கள். கழியில் ரம்பப் பல் உள்ள ரொட்டிக் கத்தியை இறுக்கிக் கட்டிவைத்திருந்தால் ஆள் இறங்காமலே அறுக்கலாம். இந்தக் கத்திக் கழியை வீட்டிலேயே செய்து எடுத்துப் போங்கள். அலையில் நின்றுகொண்டு டேப் சுற்ற முடியாது.

தண்ணீரில் இறங்குவது கடைசி வழி. அலை எழும்பி விழுந்துகொண்டிருந்தால் இறங்கவே கூடாது. டன் கணக்கில் கனமுள்ள படகின் பின்பக்கம் தலைமேல் வந்து இறங்கும். இருட்டிலும் கூடாது. நைலான் இழையில் பின்னிய தங்கூசி வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம், காலில் மாட்டிய துடுப்பின் கொக்கி என எதில் வேண்டுமானாலும் பிடிக்கும். உதறினால் இன்னும் சுற்றும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இன்ஜின் சாவி இறங்குகிறவரின் கழுத்தில் தொங்கட்டும், இடுப்பில் கயிறு, தலையில் ஹெல்மெட், கையில் ஒரு கத்தி, காலில் இன்னொன்று. மேலே ஓர் ஆள் அவரைத் தவிர வேறெதையும் பார்க்காமல் நிற்க வேண்டும்.

காற்று அமைதியாக, தண்ணீர் ஏறாமல், இருட்டாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் இருப்பது உத்தமம். எல்லா விளக்கையும் போட்டுவிட்டுக் காத்திருங்கள். விடியற்காலையில் வலைக்காரர் வருவார். அவருடைய வலை, அவர் வராமல் எப்படி? வந்தவர் முதலில் திட்டுவார், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் எந்த இடத்தில் எந்தக் கயிற்றைத் தளர்த்தினால் விடும் என்று உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார். நிலைமை கை மீறினால் வி.எச்.எஃப். 16ஆம் அலைவரிசை, கைபேசியில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. இந்த எண்களைச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள், பதற்றத்தில் ஞாபகம் வராது.

அறுக்கத்தான் வேண்டும் என்றால் இறுகி நிற்கும் கயிற்றைச் சட்டென்று அறுக்காதீர்கள். அறுந்த வேகத்தில் முகத்தில் அடிக்கும், படகும் கட்டில்லாமல் ஓடும். உங்கள் கயிறு ஒன்றை வலைப்பக்கக் கயிற்றில் முதலில் கட்டிப் படகில் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு அறுங்கள். விடுபட்டதும் அறுந்த இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி, இருக்கிற காலி கேனைக் கட்டித் தண்ணீரில் விடுங்கள். முனை தெரியாமல் போன வலை கடலடியில் பல ஆண்டுகள் ஆளில்லாமலே மீன் பிடிக்கும். சிற்றாமையும் அதில் மாட்டிச் சாகும். அடுத்த பாய்மரக்காரரும் மாட்டுவார்.

வலை ஒன்று முழுதாகப் போனால் வலைக்காரருக்கு லட்சக்கணக்கில் நட்டம், அதுவும் வட்டிக்கு வாங்கிய பணமாக இருக்கும். இருட்டில் அறுத்துவிட்டு நைசாக நழுவிவிடலாம் என்று யோசிக்காதீர்கள். ஜி.பி.எஸ்.ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டு, கரை சேர்ந்ததும் எந்தக் குப்பத்து வலை என்று விசாரித்துப் போங்கள். இந்தக் கரையில் இப்படிப்பட்ட விவகாரங்களை ஊர்ப் பஞ்சாயத்துதான் பேசித் தீர்க்கும். அறுந்தது எத்தனை துண்டு, எத்தனை நாள் தொழில் போனது என்று கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்வார்கள். நேரில் போனவரிடம் பேசுகிற தொகை வேறு, தேடிப் பிடித்தவரிடம் பேசுகிற தொகை வேறு. தேடிப் பிடிப்பதும் கஷ்டமில்லை. எல்லாப் படகிலும் கைபேசி இருக்கிறது, உங்கள் பாயில் ஆளுயரத்துக்கு எண் எழுதியிருக்கிறது.